வெளிமாநிலப் பதிவேடு

உட்காருங்கள் அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், நாளையிலிருந்து உங்களுக்கு இதுதான். பார்சல் ஆபீசில் எட்டு வருஷம் இருந்தீர்களாமே. அங்கே மூட்டை வரும், சீட்டு ஒட்டுவீர்கள், மூட்டை போகும். "இங்கேயும் அதேதான், மூட்டைக்கு வாய் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொல்வார். அவர் சொன்னால் சிரித்துவிடுங்கள்.

ரயில்வே போலீஸ் ஸ்டேஷன் என்றதும் உங்களுக்குப் பயம். முகத்தில் தெரிகிறது. எனக்கும் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை அக்கா. நமக்கு லத்தி இல்லை, லாக்கப் சாவி இல்லை. எழுத்து வேலை மட்டும்தான். யாராவது வந்து ஏதாவது கேட்டால், "நான் எழுதுகிறவள்" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு இந்த நாலு மாசத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா?

இது தொலைந்துபோன பெட்டிகளின் பதிவேடு. இது தண்டவாளத்தில் அடிபட்டவர்களுடையது, இதைச் சாப்பிடுவதற்கு முன்னால் திறக்காதீர்கள். மூன்றாவது இது. வெளிமாநிலப் பதிவேடு. புதுசாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? புதுசுதான். பழையதைக் கரையான் அரித்தது, முழுசாகப் போவதற்குள் நகல் எடுத்தோம். அப்படித்தான் அறிக்கை எழுதியிருக்கிறது. நான்தான் எழுதினேன்.

நம் ஜங்ஷன் எல்லையில் இருக்கிறது இல்லையா, மூன்று மாநிலத்து வண்டி வருகிறது. ஒருவன் அங்கே திருடிவிட்டு இங்கே இறங்கிவிடுவான். அவனைத் தேடி அந்த மாநிலத்து ரயில்வே போலீஸ் வரும். ஆனால் அவர்கள் ஊரில்தான் அவர்கள் போலீஸ். நம் பிளாட்பாரத்தில் கால் வைத்துவிட்டால் அவர்களும் பயணிதான். ஒரு ஆளைத் தொடக்கூடாது. நாம் சரிபார்த்து, "இவர்கள் உண்மையிலேயே இன்ன மாநிலத்து ரயில்வே காவலர்கள்தான்" என்று சான்று கொடுத்த பிறகுதான் தொடலாம். யோசித்துப் பாருங்கள், தொப்பியும் நட்சத்திரமும் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும், இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒப்பந்த டைப்பிஸ்ட் அடிக்கும் தாள் இல்லாமல் அவர் போலீஸ் ஆக முடியாது. முதல் மாசம் எனக்கு அது பெருமையாக இருந்தது. மாமியாரிடம்கூடச் சொன்னேன். "பாப்பாவுக்குப் பாலைக் கொடுத்துட்டு பெருமை பேசு" என்றார்கள்.

எப்படிச் சரிபார்ப்பது? கடிதம், அடையாள அட்டை, வாரண்ட், மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்பார்கள். அங்கிருந்து பதில் வரும். ஒன்றரை மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டும் ஆகும். அதுவரை அவர்களை அந்த பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். ஒன்று மட்டும் செய்யக்கூடாது. அவர்கள் கொண்டுவந்த கடிதத்திலேயே ஒரு போன் நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு நாமே போன் செய்து கேட்கக்கூடாது. எனக்கு முன்னால் இருந்த ராஜமாணிக்கம் சார் இதை ஒரு சீட்டில் எழுதி, இந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இதோ பாருங்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது.

அப்போது தெரியவில்லை அக்கா. அதன்மேல் என் பாப்பா போட்டோ இருந்தது. ஷைனி, ஆறாம் மாதம் என்று எழுதி நான்தான் வைத்தேன். எல்லா ஆபீசிலும் வைப்பார்கள்தானே? குழந்தை போட்டோ வைப்பது ஒரு குற்றமா?

மார்ச் பன்னிரண்டாம் தேதி. ஐயா லைன் ரோந்துக்குப் போயிருந்தார். ஹெட் கான்ஸ்டபிள் ஒரு மந்திரி வண்டிக்குப் பந்தோபஸ்து. கான்ஸ்டபிள் இன்பராஜ் ஒருத்தர்தான் இருந்தார், அவருக்குப் பல்வலி. நாலு மணிக்கு நாலு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. வடக்கேயிருந்து வருகிறோம், ரயில்வே போலீஸ் என்றார்கள். தலைவர் மாதிரி இருந்தவர் சப்-இன்ஸ்பெக்டராம். கதவிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். அக்கா, இந்தக் கதவில் அப்படிக் கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

இங்கிலீஷில் பேசினார். நான் பதில் சொன்னதும், "எந்த ஸ்கூல் மேடம் நீங்க? கான்வென்ட்டா?" என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். "அதான் பேச்சுல தெரியுது" என்றார். அவருடைய தங்கையும் கன்னியாஸ்திரிகளிடம்தான் படித்தாளாம். எங்கள் சிஸ்டர் கிளமென்சியா, வந்தவரைக் காக்கவைப்பது மரியாதை கெட்ட செயல் என்பார்கள். பதினோரு வருஷம் அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது எல்லாரும், ஏன் காக்கவைக்கவில்லை, ஏன் காக்கவைக்கவில்லை என்கிறார்கள்.

நாலு அட்டையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாலும் புத்தம் புதுசு. நாலிலும் ஒரே நாள் தேதி, ஒரே பேனா. நம் ஆட்களுடைய அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றில் போட்டோ உரிந்திருக்கும், ஒன்றில் எண்ணெய்க் கறை. எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வாரண்டில் இருந்த பெயர் காத்தவராயன். நம் பிரிவு கீமேன், நடந்தே தண்டவாளம் பார்த்து, தளர்ந்த சாவிகளை அடித்து இறுக்குகிறவர். எனக்கு அவரைத் தெரியும். போன டிசம்பரில், யார்டில் நின்ற சரக்கு வண்டியின் சீலை உடைத்து இரும்பு இறக்கியவர்களைப் பார்த்துவிட்டு வந்து வாக்குமூலம் கொடுத்தவர். நான்தான் டைப் அடித்தேன். நாலு பக்கம். மூன்று பேரை அடையாளம் சொன்னார். ஏப்ரலில் கோர்ட்டுக்கு வர வேண்டிய கேஸ். வாரண்டில் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. திருடனைக் காட்டிக்கொடுத்தவரே திருடனா? மனுஷரை நம்பவே முடியவில்லையே என்று நினைத்தேன்.

மணி நாலு பத்து. எனக்கு மார்பு கட்டிக்கொண்டு வலி. பாப்பா மத்தியானத்திலிருந்து புட்டிப்பால் குடிக்கவில்லை, அழுகிறாள் என்று மாமியார் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையைக் கேட்டிருந்தால் ஆறு மணி. எனக்குள் ஓடிய கணக்கு அதுதான். "கடிதத்துல எங்க ஸ்டேஷன் நம்பர் இருக்கு மேடம், நீங்களே கேட்டுடுங்க. நீங்க கேட்டாத்தான் எங்களுக்கும் திருப்தி" என்றார் அவர். பாருங்கள், அவராகத்தான் கேட்கச் சொன்னார். கேட்காதே என்றா சொன்னார்?

இரண்டாவது மணியில் எடுத்தார்கள். நல்ல கனமான குரல். ஆமாம், எங்கள் ஆட்கள்தான் என்று நாலு பெயரையும் வரிசையாகச் சொன்னது. நன்றி சார், கொஞ்சம் அவசரம், வீட்டில் குழந்தை அழுகிறது என்றேன். அந்த ஆள் சிரித்து, "கோ ஹோம், மதர்" என்றார். நம் ஐயா ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருப்பாரா?

பதிவேட்டில் எழுதினேன். நேரம் நாலு பதினெட்டு, தொலைபேசி மூலம் உறுதி செய்யப்பட்டது, எண் இன்னது. எண்ணையும் எழுதினேன் அக்கா. மறைக்கவில்லை. பிறகு சான்று. ஐயா லைனுக்குப் போகும் நாட்களுக்காக, கையெழுத்தும் முத்திரையும் போட்ட வெற்றுத் தாள் ஐந்து எப்போதும் இந்த டிராயரில் இருக்கும். இப்போது தேடாதீர்கள், இருக்காது. ஒன்றை எடுத்து அடித்தேன். ஒரு பிழை இல்லை.

இன்பராஜ் போய் காத்தவராயனைக் கூட்டிவந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்தார், ஆரஞ்சு சட்டை, தோளில் பெரிய ஸ்பேனர். அவர் பின்னால், கூடத் தண்டவாள வேலை பார்க்கும் கேங்கே வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர். வாசலை அடைத்துக்கொண்டு ஒரே கூச்சல். "எங்க ஆளை எவன்டா தொடறது? தொட்டுத்தான் பாரேன்!" ஒருத்தர் கையில் சம்மட்டி. இன்பராஜ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். அந்த நாலு பேர் முகத்திலும் ரத்தமே இல்லை. போலீஸ்காரர்கள் இப்படியா பயப்படுவார்கள் என்று எனக்கே பாவமாக இருந்தது.

காத்தவராயன் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏம்மா, அன்னிக்கு நான் சொன்னதை நீங்கதானே அடிச்சீங்க? நான் எந்த ஊருக்கும் போனதில்லையேம்மா. இவங்க யாருன்னே தெரியலையே. இது நெசமான போலீசுதானா? நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். என் கையில் சான்று இருக்கிறது. நான் அடித்தது. எழுந்து நின்று அதை உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னேன். கேங் முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டது. படித்து முடித்து, "எல்லாம் சரிபார்த்தாச்சு, தைரியமா போயிட்டு வாங்க. உங்க மேல தப்பு இல்லேன்னா மாஜிஸ்திரேட்டே விட்டுடுவாரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பி, "விடுங்கடா. அம்மாவே படிச்சிட்டாங்க. வேலையப் பாருங்க போங்க" என்றார். ஸ்பேனரைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "கிலோமீட்டர் பதினேழுல ரெண்டு சாவி லூசா இருக்குது, இருட்டறதுக்குள்ள அடிச்சிடு" என்றார். அவ்வளவுதான். அவராகவே நடந்து போய் அவர்கள் ஜீப்பில் ஏறினார். பெரிய கலாட்டா ஆகியிருக்கும் அக்கா, மண்டை உடைந்திருக்கும். என் ஒரு வார்த்தையால் அடங்கியது. அதை யாரும் எழுதவில்லை. நான் சாயங்கால ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். பாப்பா நன்றாகக் குடித்தாள்.

மூன்றாம் நாள் ஐயா அந்த மாநிலத்துக்கு வழக்கம்போல ஒரு தகவல் அனுப்பினார். அப்படி ஒரு வாரண்ட் இல்லை, அப்படி நாலு பேர் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. எந்த மாஜிஸ்திரேட்டிடமும் யாரையும் கொண்டுபோகவில்லை. ஜீப் நம்பர் ஒரு ஸ்கூட்டருடையது. காத்தவராயனை அதற்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. ஏப்ரலில் சாட்சி வரவில்லை என்று அந்த இரும்புக் கேஸ் தள்ளுபடி.

உங்களுக்கு வேர்க்கிறது. அந்த ஃபேன் அப்படித்தான், மூன்றில் வைத்தால்தான் சுற்றும்.

அவர் சம்சாரம் பச்சையம்மா. வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவார்கள். முதல் தடவை வந்தபோது நான் பாத்ரூமில் போய் ஒளிந்துகொண்டேன். மயிரைப் பிடித்து இழுத்துப்போட்டு அடிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வெளியே காத்திருந்து, நான் வந்ததும், "நீங்கதானாம்மா எங்க வீட்டுக்காரருக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினது? கேங்குல சொன்னாங்க. அந்த நேரத்துல அவருக்கு அது எவ்ளோ தெம்பா இருந்திருக்கும்" என்றார்கள். இருக்கட்டும் என்றேன். பால் ஊறும் என்று அடுத்த வாரம் முருங்கைக்கீரை கொண்டுவந்தார்கள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் மனம் நோகாதா?

அவர்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காத்தவராயன் வேலைக்கு வராமல் ஓடிப்போனதாக டிபார்ட்மெண்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்கிறார்கள். "அவரு ஓடலை, போலீசு கூட்டிட்டுப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா" என்கிறார்கள். ஐயா கொடுக்கக்கூடாது என்கிறார். போலீஸ் கூட்டிப் போனது என்று எழுதினால் எந்தப் போலீஸ் என்று கேள்வி வரும். போலீஸ் இல்லை என்று எழுதினால் சான்று கொடுத்தது யார் என்று வரும். ஒரு வரிதான், ஆனால் அதை எந்தப் பக்கமாகவும் எழுத முடியவில்லை.

பச்சையம்மா மனுப் போட்டு மனுப் போட்டு, இப்போது விசாரணை அதிகாரி வருகிறார். நாளைக்குப் பதினோரு மணிக்கு. பதிவேட்டைக் கேட்டிருக்கிறார். ஐயா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. "ஜெசிந்தா, உனக்குக் கைக்குழந்தை. எனக்கு ரிட்டயர்மெண்டுக்குப் பதினாலு மாசம். ரெண்டு பேரும் நிதானமா யோசிப்போமா?" என்றார். அவரே யோசித்தும் வைத்திருந்தார்.

அதனால்தான் இது புதுசு. மூன்று வருஷத்துப் பதிவையும் என் கையாலேயே பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு வரி மட்டும் வேறே. தொலைபேசி மூலம், எண் இன்னது என்பதை எடுத்துவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை மூலம் உறுதி செய்யப்பட்டது, பதில் அளித்தவர் தனுஷ்கோடி என்று போட்டேன். தனுஷ்கோடி சார் அன்றைக்கு அங்கே டியூட்டியில் இருந்தவர்தான். மே மாசம் மாரடைப்பில் இறந்துவிட்டார். இறந்தவரை இனி என்ன செய்துவிட முடியும் என்று ஐயா சொன்னார். நான் அவருக்காகச் சர்ச்சில் ஒரு பூசை வைத்திருக்கிறேன்.

பழையதா? கரையான் என்றேனே.

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. அந்தப் பையில் பாப்பாவின் துணி இருக்கிறது. சரி, துணிக்குக் கீழே இருக்கிறது. எரித்துவிடச் சொன்னார். மண்ணெண்ணெய் வரை எடுத்துவிட்டேன், கை வரவில்லை. அந்த நம்பர் இருக்கிற ஒரே இடம் அதுதான். கடிதத்தை அவர்களே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆபீஸ் போன் பில்லில் வராதா என்றால், நான் என் செல்லிலிருந்துதான் பேசினேன், அது யாருக்கும் தெரியாது, அந்த செல்லைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டேன். நம்பரைக் கொடுத்தால் யார் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது என்று ஒருவேளை தேடலாம். காத்தவராயன் உயிரோடு ஒரு செங்கல் சூளையிலோ எங்கேயோ இருக்கலாம். பச்சையம்மா அப்படித்தான் நம்புகிறார்கள். "இருக்காரும்மா, எனக்குத் தெரியும்" என்கிறார்கள்.

கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். எல்லாம் வெளியே வந்த இரண்டாவது வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. அதே கனமான குரல். "மதர், ஹவ் இஸ் ஷைனி?" என்று கேட்டது. வைத்துவிட்டது. நான் குழந்தை என்றுதான் சொல்லியிருந்தேன், பெயர் சொல்லவில்லை. அந்த சப்-இன்ஸ்பெக்டர் இந்த மேஜைக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் பெயர் எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், சொன்னால் விழுந்தடித்து வருவார், வேலை போகும். மாமியாரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் பாப்பாவைக் கீழே விடுவதில்லை. பத்து மாசம் ஆகிறது, தவழத் துடிக்கிறாள். இறக்கி விடேன் என்று எல்லாரும் சிரிக்கிறார்கள்.

சரி, என் கதை கிடக்கட்டும். இந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். படியுங்கள், இரண்டு வரிதான். "மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். மாற்றம் ஏதுமில்லை." நகல் எடுத்தவளே சரிபார்க்கக்கூடாதாம், வேறு ஆள் போட வேண்டும் என்பது விதி. அதற்குத்தான் ஐயா அவசரமாகப் பார்சல் ஆபீசில் உங்களைக் கேட்டு வாங்கினார். என்னைப் பழைய ரிக்கார்டு அறைக்கு மாற்றுகிறார். அங்கே ஜன்னல் கிடையாது, எனக்கு அதுவே நிம்மதி.

ஏன் பேனாவைக் கீழே வைக்கிறீர்கள்?

மூலத்தைப் பார்க்க வேண்டுமா? பாருங்கள். பையை நானே திறந்து தருகிறேன். நம்பரைப் பார்த்துவிடுங்கள். ஆனால் பார்த்துவிட்டால், அக்கா, உங்களுக்கும் தெரிந்துவிடும். நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்பார், நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னீர்கள் என்று சாயங்காலத்துக்குள் அந்தக் குரலுக்குத் தெரியும், எப்படியென்று எனக்குத் தெரியாது, தெரியும். உங்களுக்கு இரண்டு பெண் என்றீர்கள். சின்னவள் எட்டாம் வகுப்பு, சைக்கிளில் தனியாகத்தான் போகிறாள் என்றீர்கள். நான் பயமுறுத்தவில்லை அக்கா. ஐயோ, நானா பயமுறுத்துகிறவள்? என்னை மாதிரி ஒருத்தி அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து இப்படி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

பை இங்கேயே இருக்கிறது. திறக்கட்டுமா?

சரி.

சரி அக்கா. நான் ஒன்றும் நினைக்கவில்லை. பேனாவை எடுங்கள், இந்தக் கோட்டின்மேல் போடுங்கள். பெயரைக் கீழே முழுசாக எழுதுங்கள். தமயந்தி. நல்ல கையெழுத்து உங்களுக்கு.

இன்றைக்கு வியாழன். வெளியே பெஞ்சில் பச்சை ரவிக்கை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள், அவர்கள்தான். இனி அவர்களுக்குப் பதில் சொல்வது உங்கள் வேலை. பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள், பயப்படாதீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.